வெள்ளைப் புடவையில் மஞ்சள்

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே குருவாக இருந்தவர் ஞானாம்பிகை அம்மையார். நாற்பது வயதைத் தாண்டாதவர். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

குருபூசைக்கு மறுநாள் கொல்லைப்புறத்தில் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு நடக்கும். முன்பெல்லாம் சொம்பில் மொண்டு ஊற்றினார்கள். இப்போது பலூனில் நிரப்பி எறிகிறார்கள். உச்சிப் பூசை மணி அடிக்கிற வரைக்கும் அங்கே குருவும் கிடையாது, சீடரும் கிடையாது. அம்மையாரின் வெள்ளைப் புடவையில் யார் மஞ்சள் பட வைக்கிறாரோ, அவர் கேட்கிற ஒன்றை அம்மையார் மறுக்கக் கூடாது. ஆனால் அவர் மான் மாதிரி ஓடுவார். இதுவரை அந்தப் புடவையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

லாரி ஓட்டி ஓய்ந்து ஆசிரமத்திலேயே தங்கிவிட்ட பரஞ்சோதி, அந்த வருடம் விடியும்போதே குழாயடியில் உட்கார்ந்து பலூன்களை நிரப்பத் தொடங்கிவிட்டார். அம்மையாரிடம் அவருக்கு ஒன்று கேட்டே ஆகவேண்டும்.

அவர் மகள் பூங்கோதை நாமக்கல்லில் இருக்கிறாள். தானே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொண்டவள். அன்றைக்குப் போனில் கத்தினார் பரஞ்சோதி. அதோடு பேச்சு நின்றுபோனது. இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள். ஆள் மூலமாக வெள்ளிக் கொலுசு கொடுத்தனுப்பினார். போன வேகத்தில் கொலுசு திரும்பி வந்தது. தனியாகப் போய் அந்த வாசலில் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அம்மையார் கூட வந்தால் மகள் கதவைச் சாத்தமாட்டாள் அல்லவா?

விளையாட்டு ஆரம்பித்தது.

ஒரே வீச்சில் நனைத்துவிட வேண்டும் என்று பரஞ்சோதி பலூனை விம்ம விம்ம நிரப்பியிருந்தார். கையை ஓங்கினார். ஓங்கின கையிலேயே அது வெடித்தது. தலையிலிருந்து வேட்டி வரைக்கும் மஞ்சள்.

“அண்ணே, மஞ்சத் தண்ணி உங்களுக்கா? தாய்மாமன் சீர் எப்ப வருது?” என்று சமையல்கட்டு மரகதம் கத்தினாள். கொல்லையே சிரித்தது.

அடுத்ததும் கையிலேயே வெடித்தது.

பயந்துபோய், அடுத்து நிரப்பினவற்றில் தண்ணீரைக் குறைத்தார். பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒன்றை எறிந்தார். அம்மையாரின் தோளிலேயே பட்டது. ஆனால் உடையவில்லை. தொளதொளவென்று வழுக்கி, புல்லில் உருண்டது.

அம்மையார் குனிந்து எடுத்து நீட்டினார்.

“உங்க சாமான், ஐயா. பத்திரமா வெச்சுக்கங்க.”

“பட்டுதே அம்மா!”

“பட்டுது. நனையலையே.”

வெயில் ஏறிவிட்டது. பலாமரத்தடி வாளியில் ஒரே ஒரு பலூன் மிதந்தது. பூசாரி மணியின் பக்கம் நடப்பது தெரிந்தது. பரஞ்சோதி அம்மையாரையே கேட்டுவிட்டார்.

“எப்படித்தாம்மா எறியறது?”

“எங்கே நின்னு எறியறீங்க?”

“அந்தப் பலாமரத்துக்குப் பின்னாடி.”

“ஏன் அவ்வளவு தூரம்?”

“கிட்ட வந்தா ஓடிருவீங்களே.”

“வந்து பாத்தீங்களா?”

அம்மையார் கொல்லையின் மறுகோடிக்குப் போய், துளசி மாடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வாளியிலிருந்து அந்தப் பலூனை எடுத்தார் பரஞ்சோதி. பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். மரமில்லை, மறைவில்லை, வெட்டவெளியில் நடந்தார். மரகதம் எறிந்தது முதுகில் வெடித்தது. இன்னொருவர் எறிந்தது காதோரம் வெடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மையார் ஓடவில்லை.

பரஞ்சோதி கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றார். எறியவில்லை. அம்மையாரின் தோளில் பலூனை வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

வெள்ளைப் புடவையில் மஞ்சள் பரவியது.

கைதட்டலும் சிரிப்பும் மணியோசையும் ஒன்றாகக் கலந்தன.

“கேளுங்க, ஐயா.”

“நாமக்கல்லுக்கு என்கூட நீங்க வரணும்மா. எம் மக வீட்டுக்கு. தனியாப் போக என்னால முடியலை.”

“வரேன். மறுக்கக் கூடாதே.” அம்மையார் முந்தானையைப் பிழிந்தார். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பலாமரத்துல இருந்து இங்க வரைக்கும் வந்தீங்களே, யாரைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

பரஞ்சோதி தான் நடந்து வந்த வெளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய், கொலுசோடு வெளியே வந்தார்.

“அண்ணே, அம்மா புடவை மாத்திட்டு வரட்டும், இருங்க!” என்றாள் மரகதம்.

அவர் நிற்கவில்லை. ஈர வேட்டியோடு வாசலைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.