மாடி இல்லாத மாடிக்கடை

ஒரு மலையூர்ல, கடைவீதியில ஒரு சின்னக் கடை இருந்துச்சு. ம் கொட்டு கண்ணு, அப்பத்தான் கதை வரும்.

"ம்."

விக்டோரியா ராணி காலத்துல, தொப்பி விக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர் கட்டின கடை. பூ வேலை செஞ்ச இரும்புத் தூண், ஆள் உசரக் கண்ணாடி, மேல ஜன்னல் வச்ச மாடி. ஆனா அந்த மாடி பொய். பக்கத்துக் கடைக்கெல்லாம் மாடி இருக்கேன்னு, ரோட்டைப் பாத்த சுவரை மட்டும் உசத்தி ஜன்னல் வச்சுட்டார். பின்னால வெறும் தகரக் கூரை. மழை வந்தா தடதடதடன்னு சத்தம்.

அப்புறம் அவர் கப்பலேறிட்டார். கடை முனிசிபாலிட்டிக்கு வந்துச்சு. எஸ்தரம்மான்னு ஒருத்தி வாடகைக்கு எடுத்து பன்னு சுட்டு வித்தா. புருஷன் இல்ல. அந்த அடுப்பு எரிஞ்சாத்தான் அவளுக்குச் சோறு.

ஒருநாள் என்ஜினியர் வந்தார். "மாடி ஆடுது. காலி பண்ணு."

"மாடியே இல்லீங்களே சார்."

"அப்ப காலி பண்ணியாச்சு"ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

அப்புறம் பழைய கட்டடத்தைக் காப்பாத்துற கமிட்டி வந்துச்சு. தூணைத் தடவித் தடவி அழாத குறை. "இது பொக்கிஷம்மா. புகை பட்டா கெட்டுடும். அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பு. சேர்மன் வந்து திறந்து வைப்பார்."

"தினமும் நான் திறந்துதானே சார் வச்சிருக்கேன்?"

அவங்க பாட்டுக்குத் தூணைத் துடைக்கப் போயிட்டாங்க. அன்னிக்கு அவ மாவே பிசையல. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ மூணாவதா சேர்மன் வந்தார். பீப்பீ டும்டும்னு மேளம். மாடி ஜன்னல்ல நின்னு ஜனங்களைப் பாத்துச் சிரிக்கணும்னு அவருக்கு ஆசை. மாடி இல்லேன்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல. பின்பக்கம் ஏணி போட்டாங்க. கிறீச் கிறீச்சுன்னு ஏறி, தகரத்துல நின்னு, ஜன்னல் கம்பிக்கு நடுவுல தலையை விட்டார். தலை வெளிய போச்சு. திரும்பி வரல, காது தடுத்துடுச்சு. கீழ எல்லாரும் தலை குனிஞ்சு வணக்கம் சொல்றார்னு நினைச்சுக் கைதட்டினாங்க.

"ஜன்னலை அறுங்கய்யா"ன்னார்.

"பொக்கிஷம் சார், அறுக்கக் கூடாது"ன்னுச்சு கமிட்டி.

"அந்த மாடியில ஆளே இல்லேன்னு எழுதியாச்சே"ன்னு என்ஜினியர் முழிச்சார்.

எஸ்தரம்மாதான் வெண்ணெய்க் கிண்ணத்தோட ஏறினா. அவர் காதுல, கழுத்துல நல்லாத் தடவினா. இழுக்கல.

"சார், இது கடை வெண்ணெய். கடை இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டும்மா."

"கீழ கேக்கல சார்."

"கடை எஸ்தரம்மாவுக்கே"ன்னு தெருவே கேக்கச் சொன்னார். அப்புறம்தான் இழுத்தா. பளக்.

மறுநாள் அடுப்பு எரிஞ்சுது. சேர்மன் மாடியில நின்னு ஒரு ஏழைக்கு வாழ்வு கொடுத்தார்னு பேப்பர்ல வந்துச்சு. எஸ்தரம்மா அதைப் படிச்சுட்டு, கிழிச்சு, அதுல பன்னு மடிச்சுக் கொடுத்தா.

கதை வெந்தாச்சு. கண்ணை மூடிக்கோ, தங்கம்.