அக்கரையில் நாற்பது யானை

முன்னொரு காலத்தில் நுரையாற்றின் இக்கரையிலே செங்கழனி நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் மாணிக்கவல்லபன். நல்ல ராஜாதான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதினவர் சொன்னதே வேதம்.

அப்படி ஓதுவதற்கென்றே சபையில் ஒருவர் இருந்தார். புவனேந்திர பண்டிதர். ஐம்பத்தாறு தேசத்து அரசியலும் அவருக்கு அத்துப்படியாம். சபை கூடியதும் எழுந்து நின்று, எந்த நாட்டு ராஜா எதற்குத் தும்மினான், அதன் உள்நோக்கம் என்ன என்று ஒரு நாழிகை விளக்குவார். இத்தனைக்கும் மனுஷர் ஊர் எல்லையைத் தாண்டினதில்லை. தண்ணீர் என்றால் அவருக்கு அத்தனை பயம், பத்தடி தள்ளியே நிற்பார்.

அந்த வருஷம் இளவரசிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஊரே அமர்க்களப்பட்டது. அந்த நேரம் பார்த்தா அக்கரைக் கருவேல நாட்டு ராஜா நாற்பது யானைகளை ஆற்றோரம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்!

பண்டிதர் ஏட்டை விரித்தார். “அரசே, நூல் என்ன சொல்கிறது? பக்கத்து ராஜா பகைவன், அவனுக்கு அடுத்த ராஜா நண்பன். பகைவன் யானையோடு வந்தால் படையெடுப்பு. அவன் வருவதற்குள் நாம் போய்விட வேண்டும்!”

“அப்படியா சேதி? நாளைக் காலையில் படை புறப்படட்டும். படகையெல்லாம் இக்கரையில் கட்டுங்கள்!” என்று துள்ளினான் ராஜா.

சேதி துறைக்கு வந்தது. ஓடக்காரி காத்தாயி சட்டென்று அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்க்கமாட்டாள்? அவள் மகள் அஞ்சலை வாழ்க்கைப்பட்டது அக்கரைத் துறையூரில். நிறைமாதம், இன்றோ நாளையோ என்று இருக்கிறாள். படை ஆற்றைக் கடந்தால் முதலில் மிதிபடுவது அந்த ஊர்தான். ‘ஐயோ, எம் பொண்ணு எங்க ஓடுவா?’ என்று பதறினாள் காத்தாயி.

பதற்றத்துக்கு நடுவே முந்தாநாள் நினைவு வந்தது. படகில் ஏறின அக்கரைக்காரர் ஒருவர், “ஏம்மா, உங்க ராசா எங்க மேல படையெடுத்து வர்றாராமே?” என்று கேட்டிருந்தார். அப்போது சிரித்துவிட்டாள். இப்போது யோசித்தாள். யோசித்த கையோடு, துடுப்பைக்கூடக் கீழே வைக்காமல் நேரே சபைக்குப் போய் நின்றாள்.

“மகாராசா, படகை அவுக்க உத்தரவு வேணும்.”

பண்டிதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “துடுப்பு பிடிக்கிறவளுக்கு உலக நிலை என்ன தெரியும்? போடி!”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. அதான் உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன். படகுல வர்றவங்க ஒரு நாட்டைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. அங்க பத்து நாளா கொல்லன் உலை அணையவே இல்லையாம்.”

பண்டிதர் மீசையை முறுக்கினார். “ஆயுதம் வடிக்கிறான்!”

“ஆத்தோரமா மூங்கிலை மலையாட்டம் குவிச்சிருக்காங்களாம்.”

“தெப்பம்! ஆற்றைக் கடக்கத் தெப்பம்!”

“யானைங்களை வரிசையா நிறுத்தி, முரசடிச்சு நடை பழக்குறாங்களாம்.”

“கேட்டீர்களா அரசே! சந்தேகமே வேண்டாம். அந்த ராஜா மகா கொடியவன், மண்ணாசை பிடித்தவன். முளையிலேயே கிள்ள வேண்டும்!”

“இன்னிக்குக் காலையில படகையெல்லாம் ஒரே கரையில கட்டிட்டாங்களாம்.”

“முடிந்தது! நாளையே படையெடுப்பு!” என்று கை தட்டினார் பண்டிதர். சபையில் வேறு யாரும் தட்டவில்லை. ராஜாவின் முகம் மாறியிருந்தது.

“அந்த நாட்டுக்குப் பெயர் என்னம்மா?”

“செங்கழனிதான் மகாராசா. உலை எரியிறது கல்யாண அண்டாவுக்கு. மூங்கில் பந்தலுக்கு. யானை ஊர்வலத்துக்கு. இது நமக்குத் தெரியும், அக்கரைக்கு எப்படித் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நம்ம முரசைக் கேட்டுப் பயந்துதான் அவங்க யானையைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க. அங்கேயும் ஒரு பண்டிதர் இருப்பாருல்ல!”

ராஜா பண்டிதர் பக்கம் திரும்பினான். “அக்கரை ராஜாவுக்குக் கல்யாண ஓலை போனதா இல்லையா?”

“அது வந்து... பகைவனுக்கு எதற்கு ஓலை என்று நான்தான்...” என்று மென்று விழுங்கினார் பண்டிதர்.

“ஏட்டுச் சுரைக்காயை நம்பி எத்தனை உயிரை வாங்க இருந்தேன்! பண்டிதரே, ஓலையை எடும். வெற்றிலை பாக்குத் தட்டையும் எடும். காத்தாயி படகில் ஏறி நீரே போய் அழைத்துவிட்டு வாரும்!”

பண்டிதர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, போகும்வழியெல்லாம் கண்ணை மூடியே வந்தார். அக்கரைச் சபையில் நுழையும்போது ஒரு தொந்திக்காரர் ஏட்டை விரித்து முழங்கிக்கொண்டிருந்தார்: “பக்கத்து ராஜா பகைவன்! அவன் வருவதற்குள் நாம் போய்விட வேண்டும்!”

“அடப்பாவி, என் வாக்கியத்தை அப்படியே சொல்கிறாரே!” என்று நம் பண்டிதர் வாய்விட்டே சொல்லிவிட்டார். ஓலையைப் படித்த அக்கரை ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். நாற்பது யானைகளும் முகபடாம் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தன.

“என்ன வேண்டும், கேள் காத்தாயி” என்றான் மாணிக்கவல்லபன்.

“எந்தச் சண்டை சச்சரவு வந்தாலும் எம் படகை மட்டும் கட்டச் சொல்லாதீங்க மகாராசா. அக்கரையில எம் பேத்தி பொறந்திருக்கா.”

“அப்படியே ஆகட்டும்” என்ற ராஜா இன்னொரு சட்டமும் போட்டான். பண்டிதர் இனி எந்த நாட்டோடு போர் என்று சொன்னாலும், முதலில் தாமே ஆற்றைக் கடந்து அந்த நாட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும்.

பண்டிதர் அதன்பிறகு முப்பது வருஷம் சபையில் உலக நிலை விளக்கினார். ஒரு தடவைகூடப் போர் மூளும் என்று சொல்லவில்லை. காத்தாயி படகு மட்டும் தினமும் நாலு நடை போய் வந்தது.