கசக்காத வேர்

ஒரு காட்டில், ஆறு கடலில் போய் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், இலுப்பை மரத்தடியில் சந்தை கூடும். அந்தச் சந்தையில் செம்பி என்ற கீரியைத் தேடித்தான் கூட்டம் அலைமோதும். அவளிடம் இருந்தது ஒரே சரக்கு: நச்சுமுறி வேர். பாம்பு தீண்டியவர்கள் அதை மென்று விழுங்கினால் பிழைத்துக்கொள்வார்கள்.

ஆனால் பிள்ளைகளே, அந்த வேரின் கசப்பு இருக்கிறதே, அப்பப்பா! நாக்கு நுனியில் பட்டாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். செம்பியோ, வேர் வாங்க வந்தவர்களை ஒரு துணுக்கை அங்கேயே கடித்துப் பார்க்கச் சொல்வாள். முகம் அஷ்டகோணலாகப் போன பிறகுதான் வேர்க் கட்டைக் கையில் கொடுப்பாள்.

"ஏன் செம்பியக்கா, எங்களை அழவைக்கிறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாள் முயலம்மா.

"இப்போ நீ அழு. பாம்பு கடிச்ச அன்னைக்கு உன் வீட்டுக்காரர் அழ வேண்டாம் பாரு!"

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொருமினான் மினுக்கன் என்ற நரி. பாறை இடுக்கில் இறங்கி வேர் தோண்ட அவனுக்கு உடம்பு வளையாது. புத்தி மட்டும் நன்றாக வளையும். ஆற்றோரத்துப் புல் வேரைப் பிடுங்கினான். கரி கரைத்த தண்ணீரில் முக்கினான், கறுப்பு ஏறியது. தேனில் ஊறப்போட்டான், வாசனை ஏறியது. செம்பி போடுகிற அதே கொடி முடிச்சைப் போட்டுச் சந்தையில் கடை விரித்தான்.

"வாங்க, வாங்க! கசக்காத நச்சுமுறி! அதே வேர், அதே முடிச்சு, அழுகை மட்டும் கிடையாது!"

முயலம்மா ஒன்றைக் கடித்தாள். "அடடா, இனிக்குது!" என்று துள்ளினாள். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் சாய்ந்தது.

"அது வெறும் புல்லு வேருடா! அதைத் தின்னா பாம்பு விஷம் இறங்காது!" என்று கத்தினாள் செம்பி.

"பாவம், வயித்தெரிச்சல்," என்றான் மினுக்கன். "வயித்தெரிச்சலுக்கும் நம்மகிட்ட வேர் இருக்கு, தரட்டுமா அக்கா?"

சந்தையே சிரித்தது. செம்பி கூடையை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போய்விட்டாள்.

அது கோடைக்காலம். பாம்புகளெல்லாம் புற்றுக்குள் சுருண்டு கிடந்தன. யாரையும் எதுவும் தீண்டவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

மினுக்கனுக்கு ஆசை கிளைவிட்டது. கூழைக்கடா என்ற பறவையைக் கூப்பிட்டான். அதன் அலகுக்குக் கீழே தொங்கும் பையில் எதைப் போட்டாலும் சுமக்கும். என்ன ஏது என்று கேட்கவே கேட்காது. மேலைக் காட்டுக்கு, கழிமுகக் காட்டுக்கு, கடலுக்கு நடுவே இருந்த தீவுக்கு என்று கட்டுக் கட்டாகப் பறந்தது வேர். "நம்ம சரக்கு கடல் தாண்டுதடா!" என்று மினுக்கன் வாலைச் சுழற்றி ஆடினான்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. மினுக்கனின் செல்ல மகள் பொட்டு, குட்டையில் குதித்துக் கும்மாளமிட்டாள். மினுக்கன் ஓடிப்போய் அவளைக் கரைக்கு இழுத்தான். மழை வந்தால் பாம்பும் வருமே! தன் வேரின் லட்சணம் அவனுக்குத் தெரியாதா? செம்பியிடம் போகவோ முகமில்லை.

அந்த நேரம் பார்த்துக் கூழைக்கடா வந்து இறங்கியது. "அண்ணே, தீவுலேருந்து வந்திருக்கு. பாம்புக்கடிக்குக் கைகண்ட தீவு வேராம்."

பனையோலைச் சுற்று, சிவப்பு நார், நுனியில் தொங்கும் சிப்பி! மினுக்கன் வாயைப் பிளந்தான். "தீவுச் சரக்குன்னா சும்மாவா? அங்கெல்லாம் ஏமாத்து வேலையே கிடையாது!" சேர்த்து வைத்திருந்த கருவாடு அத்தனையையும் கொடுத்து அதை வாங்கினான். அழகு கெட்டுவிடுமே என்று பிரிக்காமலே குகையில் வைத்தான்.

அடுத்த சந்தை நாளன்று, பட்டப்பகலில், பொட்டுவின் காலில் பாம்பு கடித்தது.

மினுக்கன் பாய்ந்தோடி ஓலையைக் கிழித்தான். வேரை மகள் வாயில் திணித்தான். "மெல்லும்மா! என் கண்ணுல்ல, மெல்லு!"

பொட்டு மென்றாள். வாடிய முகத்தில் ஒரு சிரிப்பு. "இனிக்குதுப்பா."

மினுக்கன் சட்டென்று குனிந்தான். கிழிந்த ஓலையைப் பார்த்தான். உள்ளே அவன் கையால் போட்ட முடிச்சு!

"டேய் கூழைக்கடா! என்னடா இது?" என்று, சரக்கு எடுக்க வாசலில் வந்து நின்ற பறவையைப் பார்த்துக் கத்தினான்.

"நீங்க குடுத்ததுதாண்ணே. தீவுல ஓலை மாத்திச் சுத்தி இங்கேயே அனுப்பிட்டாங்க."

"முன்னாடியே ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

பொட்டுவைக் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடினான் மினுக்கன். சந்தைக்கு நடுவே, கூடைகளைத் தாண்டி, கடைகளை உருட்டி ஓடினான்! என்னவோ ஏதோ என்று சந்தையே அவன் பின்னால் ஓடியது. பாறையடிக்குப் போனதும் மகளை இறக்கிவிட்டு அலறினான். "செம்பியக்கா! என் பிள்ளையைக் காப்பாத்துக்கா!"

செம்பி கூடையிலிருந்து ஒரு வேரை உருவினாள். பொட்டுவை மடியில் போட்டு, வாயைத் திறந்து, வேரை வைத்துத் தாடையை அசைத்துவிட்டாள். பொட்டுவின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

திடீரென்று அந்தச் சின்ன முகம் கோணியது. "த்தூ! கசக்குதுப்பா!"

மினுக்கன் எகிறிக் குதித்தான். "கசக்குதாம்! எம்பொண்ணுக்குக் கசக்குதாம்! கேட்டீங்களா எல்லாரும்? இதுதான் அசல்! கசந்தாத்தான் அசல்!"

ஆட்டமான ஆட்டம்! ஆடிக்கொண்டே திரும்பினான். சந்தை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படியா மினுக்கண்ணே?" என்றாள் முயலம்மா. "நீ எங்களுக்கு வித்தது இனிச்சுதே?"

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. ஒவ்வொருவராக மடியிலிருந்து கசக்காத வேர்க் கட்டை வெளியே எடுத்தார்கள். எறியக் குறி பார்த்தார்கள்.

செம்பி பொட்டுவை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டாள். "விஷம் முழுசா இறங்குற வரைக்கும் பிள்ளை என் மடியிலேயே இருக்கட்டும்," என்றாள். "நீ ஓடு!"

நீதி: ஊருக்கு விற்ற போலி, ஊரெல்லாம் சுற்றி விற்றவன் வீட்டுக்கே வந்து சேரும்.