முந்நூற்றொரு வயது மாப்பிள்ளை

கோவில்பட்டியில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் மூன்று மேதாவிகள் மென்பொருள் நிறுவனம் நடத்திவந்தார்கள். சடகோபன் தலைவர். எட்வினும் பூமிநாதனும் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் பணியில் இருந்தார்கள். மூவருக்கும் ஜாவா தெரியும். அதாவது, தெரியும் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்தார்கள்.

எல்லோரும் பைத்தானுக்கு மாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவர்களுக்கும் கை அரித்தது. யூடியூபில் ஒரு வாத்தியாரைப் பிடித்தார்கள். பயனரிடம் தகவல் வாங்கும் பாடத்தில் எடுத்த எடுப்பிலேயே அவர், "பயனர் தருவதை ஒருபோதும் நம்பாதீர்கள்" என்றார். இதுவல்லவா ஞானம் என்று வீடியோவை அங்கேயே நிறுத்திவிட்டு மூவரும் பரோட்டா சாப்பிட இறங்கிப்போனார்கள். பயனர் எண்ணைத் தட்டினாலும் பைத்தான் அதை வெறும் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும், கூட்ட வேண்டுமானால் முதலில் எண்ணாக மாற்ற வேண்டும் என்பது அதற்கடுத்த பாடம். சாப்பிட்டு வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள்.

முதல் பைத்தான் நிரலைக் கோமதியக்காவின் திருமணத் தகவல் மையத்துக்காக எழுதினார்கள். மாப்பிள்ளை தன் பெயரையும் வயதையும் தட்ட வேண்டும். அடுத்த தையில் கல்யாணம் வைத்தால் அவருக்கு என்ன வயது என்று திரை சொல்லும். எழுத்தோடு எண்ணைக் கூட்ட மாட்டேன் என்று பைத்தான் முரண்டு பிடித்ததால், கூட்ட வேண்டிய 1-ஐயும் மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்தாக்கிவிட்டார்கள். வெள்ளோட்டத்துக்கு அக்கா மாடிக்கே அழைத்துவந்த மாப்பிள்ளை, இரும்புக் கடை வெயிலுமுத்து. பார்த்த வரனெல்லாம் கலைந்துபோய், பாவம், அவருக்கு இது ஒன்றுதான் மிச்சம். பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெயிலுமுத்து பெயரைத் தட்டினார்.

"நம்பாதலே," என்றார் சடகோபன்.

எட்வின் உடனே வெயிலுமுத்துவின் அம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க மகன் பேரு வெயிலுமுத்துதானா?" என்று கேட்டான். அந்தம்மா திட்டிய திட்டில் பெயர் உறுதியானது.

அடுத்து வயது. வெயிலுமுத்து 30 என்று தட்டினார். திரை யோசிக்கவே இல்லை: "அடுத்த தையில் மாப்பிள்ளை வயது 301."

சங்கரலிங்கம் கோமதியக்காவைப் பார்த்தார். "முப்பதுன்னுல்லா சொன்னீய?"

மேதாவிகள் மூவரும் ஓரமாகக் கூடினார்கள்.

"ஜாவாவுல முப்பத்தொண்ணுதான அண்ணாச்சி வந்துச்சு?" என்றான் எட்வின்.

"அது பழைய மொழி. அதுல வயசு மெதுவா ஏறும்," என்றார் சடகோபன்.

பூமிநாதன் திரையை உற்றுப் பார்த்தான். அவனுக்கு அன்று எப்படியோ மூளை வேலை செய்துவிட்டது. "ஒண்ணைக் கூட்டச் சொன்னா இது பக்கத்துல கொண்டுபோய் ஒட்டுது அண்ணாச்சி. நமக்கு முப்பத்தொண்ணு வரணும், அவ்வளவுதான? மூணைத் தட்டச் சொல்லுங்க. பக்கத்துல ஒண்ணு ஒட்டினா முப்பத்தொண்ணு!"

சடகோபன் கண் கலங்கி அவனைக் கட்டிக்கொண்டார். நிரலைத் திருத்துவதை விட மாப்பிள்ளையைத் திருத்துவது எவ்வளவு சுலபம்!

வெயிலுமுத்து 3 என்று தட்டினார். அந்த 3-க்குக் கீழேயே திரை மலர்ந்தது: "அடுத்த தையில் மாப்பிள்ளை வயது 31."

சங்கரலிங்கம் எழுந்து செருப்பைத் தேடினார். "மூணு வயசுப் பயலுக்கா எம்பிள்ளையக் கேட்டிய? போலீசு என்னைய உள்ள தூக்கிவச்சிரும்!"

"மாமா, எனக்கு முப்பது மாமா! என் மீசையப் பாருங்க!" என்று வெயிலுமுத்து கதறினார்.

சடகோபன் அவர் தோளில் கை வைத்தார். "பயனர் சொல்லுறத நாங்க நம்ப மாட்டோம். மூணு வயசுல இம்புட்டுப் பொய் ஆகாது தம்பி."

சங்கரலிங்கம் படியிறங்கிப் போயே விட்டார். கோமதியக்கா தலையில் அடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். வெயிலுமுத்து நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, அழுகையைப் பாத்தாலே மூணு வயசுதான்னு தெரியுது," என்றான் பூமிநாதன்.

"தை வரைக்கும் பால்வாடியில சேத்துவிடுவோம்," என்றார் சடகோபன். "தை பொறந்ததும் முப்பத்தொண்ணு ஆயிரும். அப்புறம் பொண்ணு தன்னால வரும்."

எட்வின் அதற்குள் கீழே போய் மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் வாங்கிவந்திருந்தான். குழந்தைக்கு நாக்கு சுட்டுவிடக் கூடாதென்று நன்றாக ஆற்றித்தான் வாங்கிவந்தான்.