மழவராயர் வீட்டை அடைத்த கதை

முன்ன ஒரு காலத்துல மருதக்குடின்னு ஒரு சீமை. அதை ஆண்டவர் பேரு அஞ்சாத மழவராயர். பேரு வைக்கிறப்போ கைக்குழந்தை, யாருக்குத் தெரியும்? வளர்ந்த பிறகு பார்த்தா, பல்லி கத்தினா கட்டில் மேல ஏறுவார், தும்மல் வந்தா வைத்தியருக்கு ஆள் அனுப்புவார்.

ஒரு நாள் தோட்டத்துல உலாத்திக்கிட்டு இருந்தப்போ காலடியில ஒரு தேங்காய் தொப்புன்னு விழுந்துச்சு. தேங்காய்க்கு ஒண்ணும் ஆகல. ராஜாவுக்குத்தான் காய்ச்சல்.

காய்ச்சலோட சபையைக் கூட்டினார். மேல பார்த்தா இடி, கீழ பார்த்தா பாம்பு, அடுப்புல தீ, வாசல்ல திருடன், இந்த அரண்மனைக்கு என்னதான் பாதுகாப்புன்னு கேட்டார். மந்திரி காரியப்பர் நிதானமா சொன்னார். கூரையில உடைஞ்ச ஓட்டை மாத்தலாம், மழைக்கு முன்ன வாய்க்காலைத் தூர் வாரலாம், அடுப்புப் பக்கத்துல ஒரு குடம் தண்ணி வைக்கலாம், தேங்காயை அது விழறதுக்கு முன்ன நாமளே பறிச்சுடலாம்.

ராஜா முகம் தொங்கிப்போச்சு. இவ்வளவு பெரிய பயத்துக்கு ஒரு குடம் தண்ணியா?

காவல் அதிகாரி வல்லகண்டர் இதுக்குத்தான் காத்திருந்தார். மந்திரி எப்ப எழுந்திருப்பார், அந்த ஆசனத்துல சூடு ஆறறதுக்குள்ள எப்ப உட்காரலாம்னு பார்த்துக்கிட்டே இருக்கற ஆளு அவர்.

"மகாராஜா, ஆபத்து வந்த பிறகு குடத்தைத் தூக்கிட்டு ஓடறவர் மந்திரி. ஆபத்து வர்ற வழியையே அடைக்கிறவன் நான்."

ராஜா காய்ச்சல் பாதி இறங்கிடுச்சு.

வேலை ஆரம்பமாச்சு. தீ பயத்துக்கு வல்லகண்டர் அரண்மனை அடுப்பை அணைச்சார். விழற பயத்துக்குக் கிணத்தை மூடினார். காத்துக்கு பயந்து கீழ இருந்த சன்னலை எல்லாம் கல்லு வச்சுப் பூசினார். அரிவாள், கடப்பாரை, அருவாமணை எல்லாம் வெட்டும்னு ஊருக்கு வெளியே போச்சு. மாடிப்படியில யாராவது தடுக்கி விழுந்தா? படியையே இடிச்சுட்டார். அந்த நேரம் ராணி பவழநாச்சியார் மாடியில உட்கார்ந்து தலை வாரிக்கிட்டு இருந்தாங்க. அதை யாரும் யோசிக்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது, மாடி சன்னலை அடைக்கணும்னா கொத்தனார் மேல போகணும், மேல போக படி இல்ல. அதனால அந்த ஒரு சன்னல் தப்பிச்சுது. மந்திரி சம்சாரம் பூரணி அந்த சன்னல் வழியா கயிறும் கூடையுமா ராணிக்கு சோறு ஏத்தி விட்டுக்கிட்டு இருந்தா.

ராஜா பூரிச்சுப்போய் உத்தரவு போட்டார். நாளைக்கு விடிஞ்சதும் ஊர்ல அத்தனை வீட்டையும் இப்படியே அடைக்கணும், முதல் வீடு மந்திரி வீடு. மந்திரி குறுக்க நின்னா பதவி வல்லகண்டருக்கு.

காரியப்பர் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தார். ரசம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. நாளைக்கு இந்த ஊர்ல ஒரு வீட்டுலயும் ரசம் கொதிக்காது. அப்போ பூரணி காலி கூடையோட உள்ள வந்தா. மந்திரி அந்தக் கூடையையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் சிரிச்சார்.

விடிஞ்சதும் நேரா அரண்மனைக்குப் போனார்.

"மகாராஜா, வேலை பிரமாதம். ஆனா வாசல் திறந்திருக்கே?"

வல்லகண்டருக்கு சுருக்குன்னுச்சு. அதைத்தான் தானே சொல்ல வாயெடுத்ததா சொன்னார். சொன்னதோட விட்டாரா? வெளியில நின்ன காவல்காரங்களைக் கூப்பிட்டு, உள்ளேருந்து யாரு கூப்பிட்டாலும் திறக்காதீங்க, திருடன் ராஜா குரல்லயே பேசுவான்னு எச்சரிக்கை வேற.

ராஜா, மந்திரி, வல்லகண்டர் மூணு பேரும் உள்ள. வெளியிலேருந்து கடைசிக் கல்லை வச்சுப் பூசினாங்க. கும்மிருட்டு.

கொஞ்ச நேரம் எல்லாம் சுகம். அப்புறம் ராஜாவுக்குத் தாகம் எடுத்துச்சு. கிணறு மூடியிருக்கு. பசிச்சுது. அடுப்பு இல்ல. வேர்த்துச்சு. சன்னல் இல்ல. சுவத்தைத் தட்டி, "நான்தான்டா மழவராயன், திற"ன்னார்.

வெளியிலேருந்து பதில் வந்துச்சு. "திருடா, நல்லா பேசறே. அச்சு அசல் ராஜா மாதிரியே இருக்கு. கொஞ்சம் இருமிக் காட்டு."

ராஜா இருமினார்.

"அடடா, அதுவும் அப்படியே. என்னமா பழகியிருக்கான் பாரு."

உடைக்கலாம்னா கடப்பாரை ஊருக்கு வெளியே. ராஜா இருட்டுல வல்லகண்டரைத் தேடினார். அவர் தூணுக்குப் பின்னால பதுங்கிட்டார்.

"காரியப்பரே, என்னய்யா ஆச்சு எனக்கு?"

"வேற என்ன மகாராஜா, வீடு அடைஞ்சுட்டீங்க."

"அடைச்சோம்னு சொல்லுய்யா."

"நாம அடைச்சோம். நீங்க அடைஞ்சுட்டீங்க. அறம், பொருள், இன்பம், வீடுன்னு பெரியவங்க நாலு சொல்வாங்களே, அந்த நாலாவது வீடு. முனிவர்கள் ஆயுசு பூரா தவம் கிடந்து அடையறதை வல்லகண்டர் ஒரே வாரத்துல அடைய வச்சுட்டார். அங்க தீ இல்ல, திருடன் இல்ல. சோறும் இல்ல."

ராஜாவுக்கு அழுகை வந்துடுச்சு. தனக்கு அந்த நாலாவது வீடே வேண்டாம், வெறும் வீடு போதும்னார்.

அப்போ மேலேருந்து ராணி குரல் கேட்டுச்சு. "என்னங்க, படி இல்லாம நான் இங்க கிடந்தப்போ ஒருத்தர் காதுலயும் விழல. இப்ப எனக்கு நல்லா கேக்குது." சொல்லிக்கிட்டே, பூரணி ஏத்திவிட்ட கூடையைப் படி இருந்த ஓட்டை வழியா இறக்கினாங்க.

ராஜா கூடையில ஏறி மாடிக்குப் போனார். மாடி சன்னல் வழியா அதே கூடையில தெருவுக்கு இறங்கினார். கீழ பூரணி பிடிச்சுக்கிட்டா. பாதி கிரீடம் நசுங்கி, முதுகுல முருங்கைக்கீரை ஒட்டிக்கிட்டு இறங்கின ராஜாவை ஊரே பார்த்துச்சு. காவல்காரங்க மட்டும், திருடன் வேஷமும் நல்லா போட்டிருக்கான்னு பேசிக்கிட்டாங்க. பின்னாலயே மந்திரியும் வல்லகண்டரும் அதே கூடையில இறங்கினாங்க.

அன்னிக்கே ஊர் உத்தரவு ரத்து. மந்திரிக்கு என்ன பரிசு வேணும்னு கேட்டார் ராஜா. முதல்ல ராணிக்குப் படிக்கட்டு, அடுத்தது எல்லாருக்கும் சாப்பாடுன்னார் காரியப்பர். அடுப்பு எரிஞ்சுது, பக்கத்துல ஒரு குடம் தண்ணியோட. வாய்க்காலைத் தூர் வாரினாங்க. வல்லகண்டருக்கு அரண்மனைத் தோப்புல வேலை. தேங்காய் விழறதுக்கு முன்ன அவர் பறிச்சுடணும்.

முதல் நாள் வேலை முடிஞ்சு, முழங்கை சிராய்ப்போட வந்து நின்னு, "மகாராஜா, வீட்டுக்குப் போகட்டுமா?"ன்னார்.

ராஜா திடுக்குன்னு நிமிர்ந்தார்.

"எந்த வீட்டுக்குன்னு தெளிவா சொல்லிட்டுப் போய்யா."