பூசணிக்காய்க்கு முதல் மதிப்பெண்

ஒரு காட்டில் கல்லூரி ஒன்று நடந்து வந்தது, குழந்தைகளே. பெரிய ஆலமரம் ஒன்றுதான் அதன் வகுப்பறை. ஒருநாள் அடித்த புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. வேறு மரம் கிடைக்கும்வரை, எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தபடியே கைப்பேசியில் படிப்பதென்று முடிவாயிற்று.

காட்டில் ஏது கைப்பேசி என்கிறீர்களா? சுற்றுலா வந்தவர்களிடமிருந்து குரங்குகள் பறித்தவை குவியலாகக் கிடந்தன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியின் பேராசிரியர் சடையாண்டி என்ற கரடி. அவர் நடத்திய பாடம், ‘பள்ளத்தில் விழுந்தவரை மீட்பது எப்படி?’ வேடர்கள் பள்ளம் தோண்டி இலைதழையால் மூடி வைக்கிற காடு அது. ஆகவே உயிர் காக்கும் பாடம்தான். ஆனால் சடையாண்டிக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ‘பள்ளம் என்றால் என்ன?’ என்பதையே பதினோரு நாள் நடத்தினார். பிறகு, ‘பள்ளம் எதுவெல்லாம் அல்ல?’ என்று ஆரம்பித்து ஒன்பது நாள் நடத்தினார்.

மாணவர்கள் பதினெட்டுப் பேர். மூன்றாம் நாளே பதினேழு பேர் தங்கள் படத்தை அணைத்தார்கள். கைப்பேசிகளைக் கொய்யா மரத்தில் இருந்த கிள்ளை என்ற கிளியிடம் ஒப்படைத்தார்கள்.

“அவர் மூச்சு விடும்போதெல்லாம் ‘புரிந்தது ஐயா’ என்று சொல். போதும்” என்றார்கள்.

கிள்ளைக்குச் சொன்னதைச் சொல்வதில் அலுப்பே கிடையாது. ஒரு தடவை முயல் குரலில், ஒரு தடவை மான் குரலில், “புரிந்தது ஐயா! அருமை ஐயா!” என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வால்ராசு என்ற குரங்கு மட்டும் படத்தை அணைக்கவில்லை. ஒரு பூசணிக்காயில் கரியால் கண், மூக்கு, வாய் வரைந்து, கைப்பேசிக்கு எதிரே வைத்துவிட்டு மாங்காய் பறிக்கப் போய்விட்டது.

சடையாண்டிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. “வால்ராசுவைப் பாருங்கள்! கண் இமைக்காமல் கேட்கிறான். ஒருநாளாவது கொட்டாவி விட்டானா?” என்பார். அரையாண்டுத் தேர்வில் அதற்கே முதல் மதிப்பெண் போட்டார்.

ஒரே ஒரு நாள் அவர் மனத்தில் ஏதோ உறுத்தியது. நல்ல நகைச்சுவை ஒன்று சொல்லியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. “புரிந்தது ஐயா” என்று மட்டும் பதில் வந்தது. ‘அடக்கமான பிள்ளைகள்’ என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் காலை சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. சடையாண்டி கைப்பேசியும் கையுமாகப் பேசிக்கொண்டே நடந்தார். “பள்ளம் இருக்கும் இடத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஆறு அடையாளங்கள் உண்டு. முதலாவது அடையாளம்…”

தொபுக்கடீர்!

வேடர் தோண்டிய பள்ளத்தில் விழுந்துவிட்டார். இடுப்பு சுளுக்கிக்கொண்டது. கைப்பேசிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“பிள்ளைகளே! நான் பள்ளத்தில் விழுந்துவிட்டேன்!” என்று அலறினார்.

“புரிந்தது ஐயா!” என்றது கிள்ளை.

“பாடம் இல்லையப்பா! நிஜமாகவே விழுந்துவிட்டேன்!”

“அருமை ஐயா!”

தூரத்தில் வேட்டை நாய்கள் குரைப்பது கேட்டது. “வால்ராசு! நீதான் என் முதல் மாணவன். நீயாவது வாயைத் திற!” என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார்.

அப்போது திரையில் ஒரு காட்டுப்பன்றி வந்தது. வால்ராசுவின் மூக்கை முகர்ந்தது. பிறகு ‘நறுக்’கென்று பாதி முகத்தைக் கடித்துத் தின்றது.

“ஐயோ! என் மாணவனைத் தின்கிறானே!” என்று கரடி கதறினார். கடித்த இடத்திலிருந்து கொழகொழவென்று பூசணி விதை சரிந்தது.

இத்தனை நாள் யாருக்குப் பாடம் நடத்தினோம் என்று நினைத்தபோது, சடையாண்டிக்குச் சுளுக்கைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

“யாரப்பா நீ?” என்று ஈனக் குரலில் கேட்டார்.

பன்றி திடுக்கிட்டுக் கைப்பேசியைப் பார்த்தது. “நான் கூழப்பன், ஐயா. உங்கள் மாணவன்தான்.”

“நீயும் வகுப்புக்கு வரவில்லையா?”

“இரண்டு நாள் வந்தேன் ஐயா. நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பசி வந்தது, போய்விட்டேன்.”

“சரி, கரையான் புற்றுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கிடக்கிறேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடி வா!”

கூழப்பன் காடே அதிரக் கத்திக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் மாணவர்கள் பதினெட்டுப் பேரும் பள்ளத்தைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன செய்ய வேண்டும் ஐயா?”

சடையாண்டி தொண்டையைச் செருமினார். “மீட்பு முறைகள் ஏழு வகைப்படும். முதல் வகைக்கு மூன்று உட்பிரிவுகள்…”

முயலின் காது தொங்கியது. மான் வேறெங்கோ பார்த்தது. வால்ராசு மெல்லப் பின்வாங்கி, பக்கத்தில் பூசணிக்கொடி இருக்கிறதா என்று தேடியது. நாய்களின் குரைப்பு இன்னும் நெருங்கியது.

சடையாண்டி சொல்ல வந்ததை விழுங்கினார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“கூழப்பா, உனக்கு என்ன நன்றாக வரும்?”

“மண்ணைக் கிளறுவேன் ஐயா.”

“அதை வைத்து என்னை எப்படி மேலே கொண்டுவருவாய்?”

கூழப்பன் யோசித்தது. கரடிக்கு விடை நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஓரத்தைச் சரிவாகக் கிளறினால் நீங்கள் ஏறி வந்துவிடலாமே ஐயா!”

“நான் கிளறிய மண்ணைத் தள்ளுவேன்!” என்றது முயல்.

“நாய்களை நான் வேறு பக்கம் இழுத்துப் போகிறேன்” என்று மான் பாய்ந்தது.

“வால்ராசு, நீ?”

குரங்கு தலையைச் சொறிந்தது. “கொடி பிடுங்கிக் கயிறாகத் திரிப்பேன் ஐயா. நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.”

அத்தனை பேரும் சேர்ந்து கிளறினார்கள், தள்ளினார்கள், இழுத்தார்கள். சடையாண்டி கொடியைப் பிடித்துச் சரிவில் உருண்டு புரண்டு மேலே வந்தார். வேடர்கள் வந்து பார்த்தபோது பள்ளத்தில் ஒரு கைப்பேசிதான் கிடந்தது. “புரிந்தது ஐயா!” என்று அது சொன்னதைக் கேட்டு, பேய் என்று அலறிக்கொண்டு ஓடிப்போனார்கள்.

மறுநாள் வேறு கைப்பேசியில் வகுப்பு. மாணவர்கள் தங்கள் கைப்பேசிகளைக் கிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கியிருந்தார்கள். சடையாண்டி, “உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முதலில் முயலின் படம் தெரிந்தது. “ஐயா, எல்லா அடையாளமும் தெரிந்த நீங்கள் ஏன் விழுந்தீர்கள்?”

ஒவ்வொருவராக மற்றவர்களும் படத்தைப் போட்டார்கள். பதினெட்டு முகங்கள் அவர் பதிலுக்குக் காத்திருந்தன.

கரடிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், “நீங்களே சொல்லுங்கள், நான் எங்கே தவறினேன்?” என்றார்.

பொழுது சாயும்வரை அந்த வகுப்பு முடியவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை.

நீதி: கேட்பவரைப் பேசவும் செய்யவும் வைக்காத பாடம், எத்தனை நாள் நடத்தினாலும் யாரையும் சென்று சேராது.