ஆம்பல் குளத்தை வெட்டியது யார்?

ஒரு காட்டின் நடுவே ஆம்பல் குளம் இருந்தது. கோடையிலும் வற்றாத குளம். ஒருநாள் அதன் கரையில் வந்து நின்ற புலியரசன் உரக்கச் சொன்னான்:

"இந்தக் குளத்தை வெட்டியவர் என் தாத்தா! இனிமேல் நான் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்க வேண்டும்!"

அரசன் தூங்கி எழுந்து வருவதற்கே உச்சிவெயில் ஆகிவிடும். அதுவரை மான்குட்டிகள் நாக்கு வறண்டு கரையில் கிடந்தன. அதைப் பார்த்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

திறந்தவர் கூர்மதி என்ற பெண் முள்ளம்பன்றி ஒருவர்தான். மண்ணைத் தோண்டிப் பார்த்துப் பழைய காலத்தைச் சொல்லும் அறிஞர் அவர்.

"அரசே, உங்கள் தாத்தா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் குளம் இருந்திருக்கிறது!" என்றார் எல்லோர் முன்னிலையிலும்.

"இவள் தோண்டித் தோண்டியே கரையை உடைத்துவிடுவாள்! பிடியுங்கள் இவளை!" என்று உறுமினான் புலி.

கூர்மதியை ஒரு குகைக்குள் தள்ளினார்கள். இரண்டு கரடிகள் சேர்ந்து பெரிய பாறை ஒன்றை உருட்டி வாசலை மூடின. கிழங்கு போடுவதற்கு ஓரத்தில் ஒரு சந்து மட்டும் இருந்தது. காவலுக்கு நின்றவன் செவ்வாலன் என்ற கீரி.

"அவளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவள் பேச்சு நாகப்பாம்பின் விஷத்தைவிடக் கொடியது!" என்று எச்சரித்தான் அரசன்.

செவ்வாலன் பாம்போடு சண்டை போட்டே வளர்ந்தவன். 'பாம்பு விஷத்துக்கே அசராதவன் நான். அதைவிடக் கொடிய விஷம் எப்படித்தான் இருக்கும்?' இந்த யோசனை வந்ததிலிருந்து அவனுக்கு இரை இறங்கவில்லை.

பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் சந்துக்குள் மூக்கை நுழைத்தான்.

"அம்மா, நீங்கள் சொன்னது நிஜம்தானா?"

"நான் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? கிழக்குக் கரையில் நாவல் மரத்தடியில் நான் தோண்டிய குழி இருக்கிறது. இறங்கி நீயே பார்!"

செவ்வாலன் ஓடினான். குழியின் பக்கச் சுவரில் வெங்காயச் சருகு போல மெல்லிய மண் அடுக்குகள் தெரிந்தன. எண்ணினான். முந்நூற்றுக்கு மேல் போயிற்று! அடியில், கல்லாய் இறுகிய களிமண்ணில், முறம் அகலத்துக்கு ஒரு வட்டக் காலடித் தடம். அவன் அதற்குள் சுருண்டு படுத்துப் பார்த்தான். அப்போதும் இடம் மிச்சமிருந்தது!

மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "அது எந்த மிருகம் அம்மா?"

"யானை. நம் காட்டில் யாருமே பார்த்திராத மிருகம். தண்ணீர் குடிக்க வந்து சேற்றில் கால் பதித்திருக்கிறது. ஒரு மழைக்காலத்துக்கு ஓர் அடுக்கு வண்டல் படியும். நீயே கணக்குப் போட்டுக்கொள்."

"அப்படியென்றால் குளத்தை வெட்டியது யார்?"

"தெரியாது. தாத்தா புலி இல்லை என்பது மட்டும் தெரியும்."

செவ்வாலனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒருவரையா நாம் அடைத்து வைத்திருக்கிறோம்!

அன்று முதல் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நாவல் மரத்தடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். முதலில் முயல் போனது. பிறகு மான்கள், குரங்குகள், காட்டெருமைகள் என்று காடே போய் எட்டிப் பார்த்தது.

நாற்பதாம் நாள் விஷயம் அரசன் காதுக்கு எட்டியது. குகை வாசலுக்குப் பாய்ந்து வந்தான்; பின்னாலேயே காடும் திரண்டு வந்தது.

"இவர்களை அங்கே அனுப்பியது யார்?"

செவ்வாலன் முன்னால் வந்தான். "நான்தான் அரசே! அவரோடு பேசினேன். விஷம் ஒன்றும் ஏறவில்லை!"

"இவனையும் உள்ளே தள்ளுங்கள்!"

கரடிகள் தலையைச் சொறிந்தன. "அரசே, நாங்களும் போய்ப் பார்த்தோமே! எங்களையும் அடைத்துவிட்டால் பாறையை யார் உருட்டுவது?"

புலியரசன் சுற்றிலும் பார்த்தான். எல்லாக் கண்களும் அவனையே பார்த்தன. அவன் நாவல் மரத்தடிக்கு நடந்தான். செவ்வாலனும் பின்னாலேயே போனான். குழியில் இறங்கிய அரசன் தன் பாதத்தை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தான். அது ஓர் ஓரத்திலேயே அடங்கிவிட்டது.

"இவ்வளவு பெரிய மிருகம் எங்கே போயிற்று?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்குத் தெரியாது அரசே. அதைத் தேடக்கூடியவர் குகைக்குள் இருக்கிறார்!"

அரசன் குழியிலிருந்து ஏறி வந்தான். பிறகு, "மன்னித்துவிட்டேன் என்று சொல்லித் திறந்துவிடுங்கள்" என்றான்.

பாறை உருண்டது. ஆனால் கூர்மதி நகரவில்லை.

"மன்னிப்பா? நான் என்ன குற்றம் செய்தேன்? அரசர் அதைச் சொல்லட்டும், வருகிறேன்!"

"அம்மா, முதலில் வெளியே வாருங்கள்! சண்டையை வெளியே வந்து போடலாம்!" என்று கெஞ்சினான் செவ்வாலன்.

கூர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயிலில் கண் கூச, முட்கள் பாதி உதிர்ந்த உடம்போடு மெல்ல வெளியே வந்தார். காடே ஆரவாரம் செய்தது.

மறுநாள் விடிந்ததும் மான்குட்டிகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன. உச்சிவெயிலில் வந்த புலியரசன் காட்டெருமைகளுக்குப் பின்னால் போய் நின்றான்.

உண்மையைச் சொன்னவரைச் சிறையில் அடைத்துவிடலாம்; ஆனால் அதைத் தாமே பார்த்துத் தெரிந்துகொண்ட எல்லோரையும் அடைக்க எந்த அரசனாலும் முடியாது.